பாக்கி பதினெட்டு கிலோமீட்டர்

அந்தக் குடும்பத்தில் மூத்தாள் என்றால் கார். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அது மூத்தாள், பின்னால் வந்த மனைவி இளையாள். பெயர் வைத்ததே இளையாள்தான். வாழ வந்த முதல் வாரத்தில், தலை துவட்டும் துண்டால் புருஷன் காரைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்க மூத்தாளுக்குச் சளி பிடிச்சிடப்போகுது" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில் வாங்கக்கூடிய பண்டமில்லைதான். ஆனால் அவர் வாங்கிய நாளில் அதற்குப் பண்டம் என்ற மரியாதைகூடக் கிடையாது. பல் டாக்டர் ஒருவரின் கொட்டகையில், கிளட்ச் எரிந்துபோய், ஆறு வருஷமாகக் கோழி அடைந்துகொண்டிருந்தது. டாக்டர் ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார். இவர் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் அடியில் படுத்தே கழித்து ஓட வைத்தார்.

ஓடியது. முதல் ஐந்து வருஷம் நன்றாகவே ஓடியது. இளையாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சுற்றவிட்டு அலுத்துப்போய் வெளியே வந்தால், சனிக்கிழமைகளில் வாசலில் கார் நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் அணைக்கட்டுப் பக்கம் ஒரு சுற்று. எட்டு கிலோமீட்டர் போக, எட்டு கிலோமீட்டர் வர. வழி முழுக்கக் கதவுக்கு மேலே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். அந்தச் சாலையில்தான் அவளுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கியர் மாற்றுவதில் அவளுக்கு நல்ல கை என்று அவரே நாலு பேரிடம் சொன்னதுண்டு.

ஒருநாள் ஏதோ ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், வரவேற்பறையில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினார். அதில் இவருடைய கார், அதே வருஷம், அதே நிறம். படத்துக்குக் கீழே ஒரு விலை. அவருடைய பத்து வருஷச் சம்பளத்தைக் கூட்டினாலும் அதைத் தொடாது. பக்கத்தில், குறைவாக ஓடிய வண்டிக்கே மதிப்பு அதிகம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் குடியைக் கெடுத்தது. அன்றைக்குக் காரை இருபது கிலோமீட்டர் வேகத்தில், தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொட்டகைக்குள் விட்டுப் பூட்டினார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை நின்றால்தான் பொன், நடந்தால் இரும்பு. ஒவ்வொரு வருஷமும் விலை ஏறியது. விலை ஏற ஏற, வண்டி மேலே போர்த்திய துணியும் ஒன்றிலிருந்து இரண்டானது, இரண்டு மூன்றானது. இளையாள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வாடகைக் காரை நிறுத்த இடமில்லாமல் கொட்டகைக் கதவுக்கு முன்னால்தான் நிறுத்தினார்கள், உள்ளே மூத்தாள் மூன்று போர்வையோடு இருந்தாள்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்று அவள் அவ்வப்போது கேட்பாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பார். டயர் பழசாகிவிட்டது என்பார். ஒரு கட்டத்தில் கூச்சம் விட்டுப்போய், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு விலை குறையும் என்று கணக்கே சொன்னார். ரிட்டயர் ஆனதும் ஆசை தீர ஓட்டலாம் என்றார். ரிட்டயர் ஆனார். விலை அதைவிட வேகமாக ஏறியிருந்தது. நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய் என்று அவள் மகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஆனால் சும்மா நிற்கும் வண்டி கெட்டுப்போகும். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரமும் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துவார். புகைக்குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி ஜன்னல் வழியாக வெளியே விடுவார். பிறகு இன்ஜினை ஓட்டி, ஒவ்வொரு கியராகப் போட்டு, சக்கரத்தைக் காற்றிலேயே சுற்றவிடுவார். என்ன செய்ய வேண்டும் என்பது பதினொரு வரியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. முதல் வரி: கேபிள் கழற்று. சக்கரம் காற்றில் சுற்றினாலும் மீட்டருக்கு அது தெரியாது, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே அடியில் படுத்து, மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. எந்த ஊருக்கும் போகாத சக்கரத்துக்கு என்ன கணக்கு என்பது அவர் நியாயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். இன்ஜின் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டால்தான் கோளாறு பிடிபடும், நீ மிதி என்றார். அன்றிலிருந்து அது அவள் வேலை ஆயிற்று. எதிரே சுவர், சுவரில் பதினொரு வரி, கால் கீழே எண்பது கிலோமீட்டர் வேகம். செக்குமாடாவது சுற்றி வந்து வேறு பக்கத்தைப் பார்க்கும். இவளுக்கு அந்த ஒரே சுவர்.

இப்போது அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாசல் நாலு படியை ஏறவே நாலு பெருமூச்சு. மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு புது அடுக்குமாடியில், நாலாவது மாடியில், லிஃப்டோடு ஒரு வீடு பார்த்திருந்தார்கள். அதற்குக் காரை விற்க வேண்டும். முப்பது வருஷத்தில் முதன்முறையாக அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது.

திங்கட்கிழமை ஏலக் கம்பெனிக்காரர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு காரைத் தொட்டார். இளையாளுக்கு அதைப் பார்த்து, பிரசவ வார்டில்கூட இவ்வளவு பதவிசாக யாரும் தன்னைத் தொடவில்லை என்று தோன்றியது. மீட்டர் வேலை செய்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும் என்றதால், இரண்டு வருஷமாகக் கழற்றியபடியே கிடந்த கேபிளை வீட்டுக்காரர் முனகிக்கொண்டே அடியில் படுத்து மாட்டினார். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரை அவளும் கையுறைக்காரருமாகப் பிடித்துத் தூக்கினார்கள். மீட்டரில் 9982.

கையுறைக்காரர் சந்தோஷப்பட்டார். "பத்தாயிரத்துக்கு உள்ள இருக்கறதுதான் சார் விசேஷம். தாண்டிச்சுன்னா வேற ரகம். கால்வாசி விலை குறைஞ்சிடும்" என்றார். வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் இளையாள் வாசல்படியில் உட்கார்ந்து மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். பாக்கி பதினெட்டு. அணைக்கட்டு போய்வரப் பதினாறு.

"ஏங்க, நான் உங்ககிட்ட எதுவும் கேட்டு ரொம்ப வருஷமாச்சு" என்றாள். "அணைக்கட்டு போய்வரப் பதினாறு கிலோமீட்டர்தான். அதை எனக்குக் கொடுத்துடுங்க. அப்புறம் லாரி வரட்டும், யார் வேணா கொண்டுபோகட்டும்."

அவர் நெடுநேரம் கொட்டகையையே பார்த்தார். பிறகு சரி என்றார். சரி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் ஒரு கார் சவாரிக்காக அழுவது வெட்கமாக இருந்ததால் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை போவதென்று முடிவாயிற்று. மகளை ஓட்டச் சொல்லி அவள் காரில் ஒருமுறை போய்வந்து, பதினாறு புள்ளி மூன்று என்று உறுதிசெய்துகொண்டார். புதன்கிழமை மத்தியானம், வழியில் நின்று மானத்தை வாங்கக்கூடாது என்று, ஒருமுறை ஸ்டாண்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வழக்கம்போல் தூக்கி நிறுத்தினார்கள். வழக்கம்போல் ரப்பர் குழாய் ஜன்னல் வழியாகப் போயிற்று. இவள் உட்கார்ந்தாள், அவர் பானெட்டைத் திறந்து காதை உள்ளே நீட்டினார். ஒரு வேலையை நூற்றெழுபது தடவை செய்தவன் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. முழங்கால் வலிக்கிறவன் காரணமில்லாமல் தரையில் படுப்பதுமில்லை. திங்கட்கிழமை மாட்டிய கேபிள் மாட்டியபடியே இருந்தது.

நாலாவது கியர் போட்டு மிதித்தபோது வேகம் காட்டும் ஊசி எழுந்து நின்றது. இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த ஊசி. நாளைக்காகச் சரிசெய்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஊசி பெரிது, மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. எண்பதில் நிற்க வைத்தாள். நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வலக்கையைக் கதவுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கூடப் பார்த்தாள். காற்று இல்லை, பெட்ரோல் வாசனைதான் இருந்தது. அவர் பானெட்டுக்குப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். கார்புரேட்டரில் ஏதோ திருகினார். பத்து நிமிஷம் போயிருக்கும்.

சரியாக எண்பதுதானா என்று பார்ப்பதற்காகக் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தாள். ஊசிக்குக் கீழே, சின்னச் சின்ன எண்ணாக, 9996 இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கியர் அப்படியே இருந்தது, இன்ஜின் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டாள். இன்ஜின் சத்தத்தில் இரண்டாவது தடவைதான் அவருக்குக் கேட்டது.

அவர் நொண்டிக்கொண்டு வந்து கதவைப் பிடித்துக் குனிந்து மீட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. அப்புறம் ஒரு நீளமான மூச்சு விட்டார்.

"நல்ல வேளை" என்றார். "பத்தாயிரம் தாண்டல."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேபிளை மறந்தது மனுஷத் தவறு. பதினாலு கிலோமீட்டரைச் சுவரைப் பார்த்தே தின்று தீர்த்ததில் அவளுக்கும் பங்குண்டு. ஆனால் அணைக்கட்டு போய்விட்டது, அவள் கேட்ட ஒன்றே ஒன்று போய்விட்டது, அவர் முகத்தில் இருந்ததோ நிம்மதி. வருத்தமோ கோபமோகூட இல்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி. முப்பது வருஷத்துச் சோர்வு ஒரே நேரத்தில் அவள் காலில் இறங்கியது மாதிரி இருந்தது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தது என்று சொன்னால் பொய். தெரிந்தேதான் மிதித்தாள்.

ஊசி எண்பதைத் தாண்டி நூறுக்குப் போனது. கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அவர் என்னவோ சொன்னார், கேட்கவில்லை. கதவுக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியைப் பிடித்தார். கூரை மடங்கியிருந்ததால் சாவி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு திருகு திருகினால் நின்றுவிடும்.

9997. அவள் எதிரே சுவரைப் பார்த்தபடி மிதித்தாள். 9998. அவர் கை சாவியில்தான் இருந்தது, திருகவில்லை. நாலு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிஷம். கோபத்தில் செய்கிற காரியத்துக்கு அது ரொம்ப நீண்ட நேரம். நடுவிலே கோபம் தீர்ந்துபோய்விடும், பிறகு வெறும் பிடிவாதத்தில்தான் மிதிக்க வேண்டியிருக்கும். அவள் மிதித்தாள். 9999 வந்ததும் அவர் சாவியை விட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து குனிந்து பார்த்தார். ஒன்பதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே ஏறின. ஒன்று, அப்புறம் நாலு பூஜ்யம்.

அவள் காலை எடுத்து, கியரை விடுவித்து, சாவியைத் திருகினாள். சக்கரங்கள் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றன. காது இரண்டும் அடைத்திருந்தது.

அவர் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீட்டரைப் பின்னுக்குச் சுற்றிவைக்க அவருக்குத் தெரியும், அரை மணி நேர வேலை. அந்த எண்ணம் அவருக்கு வந்திருக்கும். ஆனால் கஞ்சனே தவிர, திருடனில்லை. அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

"லிஃப்ட் வீடு இனி கிடைக்காது" என்றார்.

"கீழ் வீடு எடுப்போம். கொசு வரும், வெளிச்சம் வராது. வந்துட்டுப் போகுது."

"முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வச்சேன்."

"நான் முப்பது வருஷம் பஸ் படி ஏறினேன்."

அவர் தலையாட்டினார். சூடான இன்ஜின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாமே, கை சாவியில்தானே இருந்தது என்று அவள்தான் கேட்டாள்.

அவர் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால கிளட்ச் மிதிக்க முடியாதும்மா" என்றார். "ரெண்டு வருஷமாச்சு. பாதிகூட இறங்காது, வலி உயிர் போகுது. அதனாலதான் உன்னை உக்கார வச்சேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நாளைக்கு?"

"காலையில ஏதாவது சொல்லியிருப்பேன். ஸ்டார்ட் ஆகல, மழை வருதுன்னு. நீ கேட்டதும் இல்லைன்னு சொல்ல வாய் வரல. முடியாதுன்னு சொல்லவும் வாய் வரல." காரைப் பார்த்து, "ஓட்டலாம் ஓட்டலாம்னே வச்சிருந்தேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவர் சொன்ன சாக்குகள் எல்லாம் விலைக்காக. இன்ஜின் சத்தம் கேட்கணும் என்று இரண்டு வருஷமாகச் சொன்னது மட்டும் காலுக்காக. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. தான் கேட்ட நிம்மதிப் பெருமூச்சு பத்தாயிரத்துக்காக மட்டும் விட்டதில்லை என்று இப்போது தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. எதற்கும் தெம்பில்லை.

"எழுந்திருங்க" என்றாள். "இறக்கணும் இதை. எனக்கு ஜாக்கி எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க."

முக்காலியில் உட்கார்ந்தபடியே அவர் சொன்னார், அவள் கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுச் செய்தாள். ஒரு ஸ்டாண்டை எடுப்பதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. நாலையும் எடுத்து, டயருக்குக் காற்றடித்து, ரப்பர் குழாயை உருவிப் போட்டபோது மணி நாலரை. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் இடதுபக்க இருக்கையில் உட்கார வைத்தாள். உயரம் குறைந்த கார், உட்காருவதே ஒரு கஷ்டம். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார்.

கொட்டகைக் கதவைத் திறந்து, பின்னால் எடுத்து, தெருவுக்கு வந்து, முதல் கியரைப் போட்டாள். கிளட்ச் இழுத்துப் பிடித்தது. இரண்டு வருஷமாக இதே கையால், இதே காலால் செய்த வேலைதான், ஆனால் இந்தத் தடவை எதிரே இருந்தது நகர்ந்தது. அடுத்த வீட்டுச் சுவர் போயிற்று, தபால் பெட்டி போயிற்று, அவள் முப்பது வருஷம் நின்ற பஸ் நிறுத்தம் வந்து, அதுவும் போயிற்று. நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மூன்றாவது கியர் போடும்போது கை பழசை மறக்காமல் சரியாக விழுந்தது. அவர் அதைக் கவனித்தார் என்று தெரிந்தது.

அணைக்கட்டு வந்தது. முன்பெல்லாம் திரும்புகிற இடம், ஓரத்தில் வண்டியைத் திருப்பத் தோதான மண் தரை. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. அது பின்னால் போயிற்று. அந்தப் பக்கத்துச் சாலை இரண்டு பேருக்குமே புதுசு.

கதவுக்கு மேலே ஒரு கை நீண்டிருந்தது. அவருடைய கை, நரம்பு புடைத்து, விரலெல்லாம் கிரீஸ் கறையோடு, காற்றைப் பிடித்துக்கொண்டு.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். பழக்கம், சாகும்வரை விடாது.

"கண்ணாடி வீட்ல இருக்கு" என்றாள். "எனக்குத் தெரியல."